இருபத்து மூன்றாவது வரி

இனி வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் வேதப் புத்தகத்தின் மீதே செய்யலாம். ஆனால் இந்த விவகாரத்துக்குப் பொருத்தமானது ஏழு இலக்க லாகரிதம் புத்தகம்தான். அதிலும் பதினொரு அச்சுப்பிழைகளைத் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பு. அதன் மீது வலது உள்ளங்கையை வைத்துச் சொல்வதாவது: 1944ஆம் வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஹெஸ்டர் கிளெக்கின் மேசைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு வெள்ளைச் சீட்டு வரவில்லை.

அந்த வாரம் சீட்டுத் தட்டைச் சுமக்கும் முறை ஐவியுடையது. ஒவ்வொரு மேசையாக நின்று சீட்டுகளைப் போட்டுக்கொண்டே வந்தவள், ஹெஸ்டரின் மேசையருகே மட்டும் நிற்காமல் நடந்தாள்.

"ஏண்டி, எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு இல்லடி மகராசி. சுத்தம். எனக்குத்தான் நாலு. பி ரூம்ல எனக்கு வாய்ச்ச ஆளு பீர் குடிச்சுட்டு வந்து கணக்குப் போடறான்னு நினைக்கிறேன்."

"தட்டுல நல்லாப் பாத்தியா? அடியில எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்."

ஐவி தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "தப்பு வரலையேன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிற பொம்பளைய இன்னிக்குத்தாண்டி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இது நடந்த இடம் ஸ்கெல்பி என்ற ஊரின் கடற்கரைச் சாலையில் இருந்த பெரிய விடுதியின் நடனக் கூடம். யார்க்ஷயர் கடற்கரையில் காற்று வாங்க வருகிறவர்கள் போருக்கு முன்பு சனிக்கிழமைதோறும் அங்கே ஆடினார்கள். இப்போது ஆட்டம் கிடையாது. பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கணக்கு இயந்திரங்கள். இயந்திரம் என்றால் மின்சாரமெல்லாம் இல்லை. எண்களை வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும், தேவைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டால் மணி அடிக்கும். கம்ப்யூட்டர் என்பது அந்தக் காலத்தில் இயந்திரத்தின் பெயரல்ல, அதைச் சுற்றுகிறவளின் பெயர். ஹெஸ்டரின் வேலை உத்தரவிலேயே அப்படித்தான் தட்டச்சு செய்திருந்தது. ஆட்டத்துக்கென்றே துள்ளும்படி போட்ட மரத்தரை அது. பன்னிரண்டு பேரும் ஒரே வேகத்தில் சுற்றினால் தரை மெல்ல ஏறி இறங்கும், மைக்கூடுகள் மணிக்கு ஓர் அங்குலம் வீதம் கடலைப் பார்த்து நகரும். இரண்டு வருடச் சுற்றலில் ஹெஸ்டரின் வலது கை இடது கையைவிட மூன்று அங்குலம் பருத்துவிட்டது. தையற்காரர் அவளுடைய கோட்டுக்கு இரண்டு அளவு எடுத்தார். துறைமுகத்தில் பந்தயத்துக்கு இரண்டு மீனவர்களையும் ஒரு போலீஸ்காரரையும் கை மல்யுத்தத்தில் சாய்த்தாள். அந்தப் போலீஸ்காரர் அதற்குப் பிறகு இடது கையால்தான் சல்யூட் அடித்தார். ஐவி ஒரு நாள் மணி அடித்த சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே பிஸ்கட் துண்டை எறிந்தாள் என்பதற்காக, ஒரு கடற்காகம் அதன் பிறகு எந்த இயந்திரத்தில் மணி அடித்தாலும் ஜன்னல் விளிம்புக்கு வந்து நின்றது. முதல் வருடக் கடைசியில் அது பெருத்துப்போய்ப் பறக்க முடியாமல் படியேறி வரத் தொடங்கியது.

அவர்கள் போட்டது பீரங்கிக் கணக்கு. புதுப் பீரங்கி ஒன்று வரப்போகிறது, அதன் குழாயை இத்தனை பாகை உயர்த்தினால் குண்டு இத்தனை கஜத்தில் விழும் என்று ஒரு புத்தகம் வேண்டும். பீரங்கியை அங்கே யாரும் கண்டதில்லை. ராணுவ ரகசியம் என்பதால் படம்கூடக் காட்டவில்லை. அதன் எடை, குண்டின் எடை, காற்றின் தடை என்று எண்களாகத்தான் அது அவர்களுக்கு அறிமுகம். ஒரு குண்டு வானத்தில் இருப்பது முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியைக் காகிதத்தில் கொண்டுவர ஒருத்திக்கு மூன்று நாள் ஆகும், நாளுக்கு ஒரு தாள்.

எல்லாக் கணக்கும் இரண்டு முறை போடப்பட்டது, இரண்டு வெவ்வேறு ஆட்களால். நடனக் கூடம் ஏ அறை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், முன்பு பில்லியர்ட்ஸ் ஆடிய இடம் பி அறை. ஏ அறைக்கு ரோஜா நிறத் தாள், பி அறைக்கு நீலத் தாள். நடுவில் இருந்த சிறிய அறையில் மேலதிகாரி டாக்டர் லம்லி உட்கார்ந்துகொண்டு, ரோஜாத் தாளிலிருந்து நீலத் தாளை வரிவரியாகக் கழிப்பார். எல்லா வரியிலும் பூஜ்யம் வந்தால் அச்சுக்குப் போகும். வராத வரிக்கு வெள்ளைச் சீட்டு எழுதுவார்: தாள் எண், வரி எண், ஏ சொன்னது இது, பி சொன்னது இது, இருவரும் திரும்பப் போடவும். அடுத்த நாள் அதே சீட்டில் யார் சரி என்று எழுதி வரும். இதில் உயிர்நாடி என்னவென்றால், இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியக் கூடாது. பேசிப் பழகினால் தவறுகளும் பழகிவிடும் என்பது டாக்டர் லம்லியின் கட்சி. ஆகவே ஏ அறை ஒன்பது மணிக்கு முன்வாசல் வழியாக வரும். பி அறை ஒன்பதே காலுக்குச் சமையற்கட்டு வழியாக. தேநீர் வேறு வேறு நேரம். ஞாயிற்றுக்கிழமைகூட ஆபத்து என்று ஏ அறையை ஆங்கிலிக்கன் கோயிலுக்கும் பி அறையை மெதடிஸ்ட் கோயிலுக்கும் ஒதுக்கிவிட்டார். பி அறையில் இருந்த ஒரு கத்தோலிக்கர் நாட்டுக்காக அதையும் பொறுத்துக்கொண்டதாகப் பேச்சு. டாக்டரின் அறைக்கே இரண்டு கதவுகள், பக்கத்துக்கு ஒன்று. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கப்படும் என்று இரண்டிலும் தம் கையால் எழுதி ஒட்டியிருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கேரட் கேக் வெட்டியபோது இருபத்து நான்கு பேருக்கும் கோணமானி வைத்துப் பதினைந்து பதினைந்து பாகையாகக் குறித்தவர் அவர். கடைசித் துண்டு அரைப் பாகை கூடிவிட்டதென்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

பி அறையில் தன் தாளைப் போடுகிறவர் யார் என்று ஹெஸ்டருக்குத் தெரியாது. ஆனால் அது எப்போதும் ஒரே ஆள்தான் என்பதை ஆறு மாதத்தில் கண்டுகொண்டாள். தவறுகளை வைத்துத்தான். அந்த ஆள் கூட்டலில் பிசகுவதே இல்லை. அலுத்துப்போனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவார், 3816 என்பதை 3861 என்று. அதுவும் வியாழக்கிழமைகளில்தான். அப்படியானால் புதன் இரவு கூரைமேல் நின்று விமானத்துக்குக் காவல் பார்க்கும் முறை அவருடையதாக இருக்க வேண்டும். ஒரு நவம்பரில் நான்கு நாள் தொடர்ந்து மாற்றி மாற்றி எழுதினார். ஐந்தாம் நாளிலிருந்து முன்னைவிடச் சுத்தம். யாரோ போய்விட்டார்கள் என்று ஹெஸ்டர் நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் அவள் தன் வரிகளை இரண்டிரண்டு முறை சரிபார்த்தாள், அவருக்குத் தன்னால் ஒரு சீட்டு கூடப் போகக் கூடாது என்று. கூரைக் காவல் பட்டியல் அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. நான்கு அடி எடுத்து வைத்தால் பெயரைப் படித்துவிடலாம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை; அப்படித் தெரிந்துகொள்வது விடையை எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லேன்" என்று ஐவி நச்சரிப்பாள்.

"அதெல்லாம் தெரியாது. களைச்சுப் போனா ஆறையும் ஒண்ணையும் இடம் மாத்தற ஆளு. அவ்வளவுதான்."

"அடக் கடவுளே. இதுக்கு நீ அந்தக் கடற்காகத்தையே கட்டிக்கலாம்."

இருவருக்கும் வந்த முதல் சீட்டை ஹெஸ்டர் கைப்பையிலேயே வைத்திருந்தாள். வேலை தொடங்கிய புதிது, 1942 மார்ச் ஒன்பது. இருபத்து மூன்றாவது வரி. அவள் சரியான விடைக்கு நூறு கஜம் குறைத்துப் போட்டிருந்தாள். அந்த ஆள் நூறு கஜம் கூட்டிப் போட்டிருந்தார். கீழே டாக்டர் லம்லியின் பொடி எழுத்தில்: 'இருவரும் தவறு. ஆனாலும் நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.' அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே நகைச்சுவை அது என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டு பேருக்கும் கை பழகிவிட்டது. இந்த வருடம் பிப்ரவரி முழுவதும் ஒன்றுகூட இல்லை. நாட்டுக்கு அது நல்ல சேதி. ஹெஸ்டருக்கு, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டது போல இருந்தது. மார்ச் எட்டாம் தேதி புதன்கிழமை கையில் இருந்த தாளிலும் இருபத்து மூன்றாவது வரி வந்தது. விடை 9140 கஜம். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். இன்றைக்கு ஒரு தவறு போட்டால் நாளைக் காலை சீட்டாகிவிடும். நாளைக்கு மார்ச் ஒன்பது, சரியாக இரண்டு வருடம். சீட்டைப் பார்த்ததும் அந்த ஆளுக்குப் புரிந்துவிடும். மத்தியானத்துக்குள் இருவரும் திருத்திவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. கழித்தல் இருக்கும்வரை தவறு இந்த வீட்டைத் தாண்டிப் போக முடியாது. என்ன தவறு போடுவது? தன்னுடைய பழைய தவற்றையே போட்டால் தன்னைப் பற்றிப் பேசியது போல இருக்கும் என்று கூச்சப்பட்டாள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. அந்த ஆளுடைய தவற்றைப் போட்டாள். நூறு கூட்டி, 9240.

இப்போது வியாழக்கிழமை, சீட்டு வரவில்லை.

முதலில் ஏமாற்றம்தான் வந்தது. பிறகு, கைப்பிடியை நான்காவது சுற்று சுற்றும்போது, சீட்டு வரவில்லை என்றால் கழித்தலில் பூஜ்யம் வந்திருக்கிறது என்று உறைத்தது. பூஜ்யம் வந்தால் அந்தப் பக்கமும் 9240. கூட்டலில் பிசகாத ஆள், களைத்தால் இலக்கம் மாற்றுகிற ஆள், புதன்கிழமை காலைத் தெளிவில் ஒரு வரியில் நூறு கஜம் கூட்டியிருக்கிறார். அவரும் தேதியைப் பார்த்திருக்கிறார். அவரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கிறார். தன் பழைய தவற்றையே எடுத்துப் போட்டிருக்கிறார். ஹெஸ்டரின் முகம் நெற்றிவரை சூடாகியது. கெட்டில் ஒன்று கொதிக்கும் நேரத்துக்கு அவள் அந்த நடனக் கூடத்தில் இருந்தவர்களிலேயே சந்தோஷமான ஆளாக இருந்தாள். கைப்பிடி தானாகச் சுற்றியது, மணி அடித்தது, கடற்காகம் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தது.

கெட்டில் கொதித்து அடங்கியது. தாள் அச்சுக்குப் போகப்போகிறது.

அவளுடைய தம்பி வில்ஃப் காலாட்படையில் இருந்தான். போன வாரம்தான் கடிதம் எழுதியிருந்தான்: 'குண்டு விழ விழ அதுக்குப் பின்னாடியே நடக்கப் பழக்குறாங்க அக்கா. நூறு கஜம் இடைவெளி விட்டு நடக்கணுமாம். மூஞ்சியில சூடு அடிச்சா நீ சரியான இடத்துல இருக்கேன்னு அர்த்தம்னு சார்ஜென்ட் சொல்றாரு. எனக்கு மூக்குத்தான் முன்னாடி போகுது.' கோடையில் நம் பையன்களுக்கு முன்னால் சுடப்போவது இந்தப் புதுப் பீரங்கிதான் என்று மேஜர் ப்ராக்டர் போன மாதம் எல்லார் முன்பும் மார்தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 9240இல் விழ வேண்டும் என்று பீரங்கிக்காரன் புத்தகத்தைப் புரட்டுவான். இருபத்து மூன்றாவது வரி சொல்கிறபடி குழாயை உயர்த்துவான். குண்டு 9140இல் விழும். நூறு கஜம் பின்னால். அங்கே வில்ஃபின் மூக்கு இருக்கும்.

அச்சகத்துக்குப் போகும் வண்டி பதினோரு மணிக்கு. கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கடி போற? டீக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள் ஐவி.

"தப்பு பண்ணிட்டேன்."

"சீட்டுத்தான் வரலையே."

"அதுதாண்டி தப்பு."

டாக்டர் லம்லியின் அறையில் மேஜர் ப்ராக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி முனையில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கொண்டு வந்தவர் அவர்தான். மேசைமேல் உறையில் போடுவதற்குத் தயாராக இரண்டு தாள்கள் இருந்தன. ரோஜா கீழே, பாதி தெரிகிற மாதிரி நீலம் மேலே. ஹெஸ்டரின் கண் அந்த நீலத் தாளில் நின்றது. இரண்டு வருடமாக அந்த ஆளுடைய எண்களை லம்லியின் கையெழுத்தில்தான் பார்த்திருக்கிறாள். முதல் முறையாக இப்போது அவர் கையாலேயே. தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. ஒல்லியாகச் சாய்ந்த எழுத்து; ஏழின் இடுப்பில் ஒரு கோடு. இருபத்து மூன்றாவது வரியில் மட்டும் பென்சில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

"என்ன மிஸ் கிளெக்?"

"சார், இந்தத் தாளை அனுப்பாதீங்க. இருபத்து மூணாவது வரி தப்பு. நான் தப்பாப் போட்டுட்டேன்."

லம்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு அறையும் ஒத்துப்போச்சே. நானே கழிச்சேன். பூஜ்யம்."

"பி அறையும் தப்பு சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்."

லம்லி சட்டைப் பையிலிருந்து ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கோலை எடுத்து இழுத்துப் பார்த்தார். இரண்டு பேர் சொல்லிவைக்காமல் ஒரே தாளில், ஒரே வரியில், ஒரே அளவு தவறுவதற்கு நாற்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றார். அதைவிட மிஸ் கிளெக்குக்குக் காய்ச்சலாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

"என்னய்யா டாக்டரே" என்றார் மேஜர். "தப்பு பண்ணலைன்னு அழற ஆளுங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். இந்தப் பொண்ணு தப்பு பண்ணினேன்னு அழுவுது. தண்ணி குடுத்து அனுப்புங்க. எனக்கு வண்டி நிக்குது."

ஹெஸ்டர் அழவில்லை. மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, மை ஒற்றும் அட்டையில் இருபத்து மூன்றாவது வரிக்கு முன்னால் நான்கும் பின்னால் நான்குமாக ஒன்பது விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொன்றையும் அதற்கடுத்ததிலிருந்து கழித்துப் பக்கத்தில் எழுதினாள். கழித்து வந்ததை மறுபடி கழித்தாள். குண்டு பறக்கும் பாதை ஒழுங்கானது; அதன் எண்களை இப்படிக் கழிக்கக் கழிக்கச் சாதுவாகி, நான்காவது முறை கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. எங்கேயாவது ஓர் எண் பொய்யாக இருந்தால் மட்டும், தரையில் விழுந்த கண்ணாடி போல அது நாலா பக்கமும் தெறிக்கும். நான்காவது வரிசையை எழுதிவிட்டு அட்டையை லம்லியின் பக்கம் திருப்பினாள். நூறு. கழித்தல் நானூறு. அறுநூறு. கழித்தல் நானூறு. நூறு.

கணிதக்காரர்களுக்கு அது கைரேகை மாதிரி. நடுவில் அறுநூறு நிற்கிற இடத்தில் நூறு கஜப் பொய் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். லம்லி வெகுநேரம் அதைப் பார்த்தார். தாள் உறைக்குள் போகுமுன் இந்தக் கழித்தலையும் அவர் தாமே செய்வது வழக்கம்; இந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். மேஜர் மூன்று வாரமாகக் கழுத்தைப் பிடித்ததில் அதை விட்டுவிட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது ஹெஸ்டருக்கும் தெரிந்தது.

"மேஜர்" என்றார் லம்லி, "வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க. தாள்ல மை கொட்டிடுச்சு."

"எங்க கொட்டியிருக்கு?"

லம்லி மைக்கூட்டை எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றி, அதை ஒழுங்காகத் தட்டில் வைத்தார். பிறகு கூட்டைத் தாள்களின் மேல், கேக் வெட்டும் அதே கவனத்தோடு, முழுவதும் கவிழ்த்தார். நீலத் தாளில் விழுந்த கறுப்பு வட்டமாகப் பரவி, ஊறி, அடியில் இருந்த ரோஜாத் தாளுக்கும் இறங்கியது. ஒல்லியாகச் சாய்ந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக அதற்குள் போவதை ஹெஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இங்கதான்" என்றார் லம்லி.

மேஜர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அவற்றுள் அச்சில் வரக்கூடியது 'மை' என்ற சொல் ஒன்றுதான். அவர் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த வெப்பமானி இரண்டு பாகை இறங்கியது.

லம்லி ஒற்றுக் காகிதத்தால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "ஏன் செஞ்சீங்க, மிஸ் கிளெக்?"

"வணக்கம் சொல்லலாம்னு, சார்."

"யாருக்கு?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு சிறிய கறுப்பு நோட்டை எடுத்தார். யாருக்கு யார் ஜோடி என்று அதில்தான் இருந்தது. திறந்த பக்கத்தை அவள் பக்கம் சாய்க்காமல் வைத்துக்கொண்டே பேசினார். "உங்க ரெண்டு பேரையும் ஏன் இத்தனை நாள் மாத்தாம வெச்சிருந்தேன் தெரியுமா? நீங்க சறுக்கற இடத்துல அவங்க சறுக்க மாட்டாங்க. அவங்க சறுக்கற இடத்துல நீங்க மாட்டீங்க. பன்னெண்டு ஜோடியில இதுதான் உசத்தி. இன்னிக்கு ஒரே இடத்துல சறுக்கியிருக்கீங்க. ஒரே மாதிரி நினைக்கிற ரெண்டு பேரு எனக்கு ஒரு ஆளுதான். ஒரு ஆளு போட்ட கணக்கை நான் அச்சுக்கு அனுப்ப முடியாது."

"புரியுது சார்."

"புரியாம இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் லம்லி. பேனாவை எடுத்தவர், மை இல்லை என்று கண்டு பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு கோடு கிழித்தார். "இந்தத் தாளை மட்டும் ரெண்டு பேரும் திரும்பப் போட்டுக் குடுங்க. நாலு மணிக்குள்ள. நாளையிலேர்ந்து உங்களுக்கு வேற ஆளு."

"என் மேல நடவடிக்கை..."

"எதுக்கு? மை கொட்டினதுக்கா? அது நான் கொட்டினது."

அப்போது கதவு தட்டப்பட்டது. ஹெஸ்டர் வந்த கதவு அல்ல, எதிர்ப்பக்கத்துக் கதவு. அவசரமாகத் தட்டிவிட்டு, உடனே தட்டியதற்காக வருந்தியது போல ஒரு தட்டல்.

லம்லி எழுந்திருக்கவில்லை. அந்தக் கதவைப் பார்த்தார், ஹெஸ்டரைப் பார்த்தார், பிறகு மை படிந்த தம் விரல்களைப் பார்த்தார். "முதல்ல உங்க கதவு மூடணும்" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக. "அப்புறம்தான் அது திறக்கும்." எவ்வளவு நேரத்துக்குள் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற மனிதர் அவர்.

அவள் தன் கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் நின்றால் அந்தப் பக்கத்து ஆள் பொறுமை இழந்து தானே திறந்துவிடக்கூடும். மூன்றடிப் பலகை. அதற்கு அப்பால் நின்றிருப்பவரும் இந்த நிமிடம் சீட்டு வராத மேசையிலிருந்து எழுந்து வந்தவர்தான். பூஜ்யத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டு, பிறகு பயந்து வந்தவர்தான். எந்தச் சொல்லில் தொடங்குவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். நாளைக்குப் புது ஆள் தாளில் தவறினால் அது யாரோ தவறியதாக இருக்கும். இன்று முகத்தைப் பார்த்துவிட்டால் இன்று மாலைத் தாள்கூடச் செல்லாது. பார்த்துப் பழகிய இருவரின் பூஜ்யம் வில்ஃபுக்கு உதவாது. பருத்த வலது கையால் பிடியைத் திருகி வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள், நன்றாகச் சத்தம் கேட்கும்படி, அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி. உள்ளே மற்றக் கதவின் கீல் முனகியது. ஒரு குரல், தணிந்து. பலகைக்கு இந்தப் பக்கம் அது ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பிரியவில்லை. அவள் காதை வைக்கவில்லை.

"என்னடி ஆச்சு?" என்றாள் ஐவி.

"மை கொட்டிடுச்சு. திரும்பப் போடணும்."

நான்கு மணிக்குள் ஹெஸ்டர் அந்தத் தாள் முழுவதையும் திரும்பப் போட்டாள். இருபத்து மூன்றாவது வரியில் 9140 என்று எழுதினாள். பென்சிலை அழுத்தவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஐவி தட்டோடு வந்தாள். மேசை மேசையாக நின்றாள். ஹெஸ்டரின் மேசையருகே நிற்காமல் நடந்தாள். ஹெஸ்டர் வெறும் மேசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இயந்திரத்தில் ஒன்று என்று மட்டும் வைத்து, பூஜ்யத்திலிருந்து ஒரு சுற்று பின்னால் சுற்றினாள். மணி அடித்தது. படியில் மெல்ல மெல்லக் கால்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. கடற்காகம் வாசலில் நின்று, நடனக் கூடத்தையும் எதிரே பில்லியர்ட்ஸ் அறையின் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு மணி அடித்திருந்தது.

அந்தப் பீரங்கி, போர் முடியும்வரை, ஒன்றுகூட வார்க்கப்படவில்லை.